கூட நின்று மீன் பிடிப்பவர்

மீன் பிடிக்கப் போகிறவர்களில் இரண்டு வகைதான் உண்டு, மீனோடு வருகிறவர், வெறுங்கையோடு வருகிறவர் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. உங்கள் பக்கத்தில் நின்று, உங்கள் தூண்டிலால், உங்கள் கையால், தன் வாயால் மீன் பிடிப்பவர். மீன் சிக்கினால் அவர் பிடித்தது. தப்பினால் நீங்கள் விட்டது.

இந்த வகையை நீங்கள் வேறு இடங்களிலும் பார்த்திருப்பீர்கள். சதுரங்கம் ஆடுகிறவனின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். அடுத்தவன் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு எங்கிருந்தோ முளைப்பார். ஆனால் முற்றிப் பழுத்த இனத்தைப் பார்க்க வேண்டுமானால், மலையில் பனி இன்னும் முழுசாகக் கரையாமல், சகுரா சால்மன் மீன்கள் கரையோரம் வரும் வசந்த காலத்தில், ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் மேற்குக் கடற்கரைக்குத்தான் வர வேண்டும். அங்கே குவாபாரா இருக்கிறார்.

குவாபாரா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அடுத்தவன் ஓட்டும் வண்டியில் தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே முடி நரைத்தவர். அவருடைய பள்ளித் தோழர் ஒகிதா முடிதிருத்துபவர். வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும் "ஆமாங்க, ஆமாங்க" என்று கத்தரியை நகர்த்தும் தொழில். ஒருவருக்கு வாய், ஒருவருக்குக் காது. நட்பு நீடிக்க வேறென்ன வேண்டும்?

அன்று விடியுமுன் ஒகிதா கிளம்பும்போது அவர் மனைவி சுமிகோ வாசலில் வழிமறித்தாள்.

"என்னங்க, வருஷா வருஷம் மீன் பிடிக்கப் போறீங்க, குவாபாராவைப் பிடிச்சுக்கிட்டு வர்றீங்க. இன்னிக்காவது மீனைக் கொண்டு வாங்க."

காரணம் இருந்தது. மகள் அகானே கட்டிக்கொள்ளப்போகிற பையன் ஹயாமி, ஒசாகாவிலிருந்து முதல் தடவையாக அன்று மாலை விருந்துக்கு வருகிறான். 'எங்க அப்பா கடல்ல சால்மன் பிடிப்பாரு' என்று அவனிடம் அவள் எப்போதோ பெருமையடித்திருக்கிறாள். அதில் பாதி உண்மை. கடல் உண்மை. ஒகிதா தன் ஆயுசில் ஒரு சால்மனைக்கூடக் கரையேற்றியதில்லை.

தனியாகப் போயிருக்கலாமே என்கிறீர்களா? கார் குவாபாராவுடையது.

விடியும்போது கரையில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார்கள். மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு ஒகிதா ஓர் இடம் பார்த்து நின்றார்.

"அங்க நிக்காதடா. நேத்து அந்த இடத்துல மீனே இல்ல."

"நேத்து நீ வந்தியா?"

"வரல. வந்திருந்தா பாத்திருப்பேன்ல?"

ஒகிதா இடம் மாறினார். இரையாக, மீன்குஞ்சு போல மின்னும் பச்சைத் தகடு ஒன்றைத் தூண்டில் நரம்பில் கட்டினார்.

"பச்சையா? இந்த வெளிச்சத்துல பச்சையைப் பாத்தா மீன் சிரிக்கும்டா. ரோஸ் கலர் போடு."

போட்டார். வெயில் ஏறியது.

"இன்னுமா ரோஸ்? பச்சை போடுடா. ஒரு தடவை சொன்னா புரியாதா? எனக்கென்ன வந்துச்சு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இந்த 'எனக்கென்ன வந்துச்சு' இருக்கிறதே, அதுதான் இந்த இனத்தின் கூவல். அதைச் சொல்லிவிட்டு எவராவது அந்த இடத்தை விட்டு நகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? குவாபாராவின் தூண்டில் ஒரு பாறைமேல் உறையோடு சாய்ந்து கிடந்தது. ஒகிதாவின் கை உயர்ந்திருப்பதையும், முழங்கை மடங்கியிருப்பதையும், ரீலைச் சுற்றுவதில் ஒரு நிதானம் இல்லாததையும், நிதானம் வந்த பிறகு வேகம் இல்லாததையும் கவனித்துச் சொல்லவே அவருக்குப் பொழுது சரியாக இருந்தது. தான் வேறு மீன் பிடிக்க வேண்டுமா?

அப்போது தூண்டில் வில்லாக வளைந்தது.

"இழு! இழுக்காத! நரம்பை விடு! விடாதடா பாவி!"

பக்கத்தில் வீசிக்கொண்டிருந்த ஒரு பெண் தன் தூண்டிலைச் சுருட்டி வழிவிட்டாள். "மீன் பிடிக்கிறது யாருங்க, அவரா நீங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும்!" என்று சொல்லிவிட்டு, குவாபாரா நீளக் கைப்பிடி போட்ட வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் ஓடினார். தலைப்பக்கம் நீட்ட வேண்டிய வலையை வால்பக்கம் நீட்டினார். வால் வலையில் பட்டதும் மீன் மிரண்டது. அவர் கால்களுக்கு இடையில் புகுந்து ஓடியது. நரம்பு முழங்காலைச் சுற்றியது. ஒரு வெள்ளலை வந்து ஆளைக் குப்புறத் தள்ளி இழுத்துக்கொண்டது. ரப்பர் கால்சட்டைக்குள் பனி உருகிய குளிரோடு கடல் புகுந்தால் மனிதன் மூட்டையாகிவிடுவான், எழவே முடியாது.

ஒகிதா தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தார்.

"தூண்டிலை விடாதடா!" என்றது கடலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தார். "சட்டையைப் பிடிக்காத, கக்கத்துல கை குடு... அப்படி இல்லடா..." மிச்சத்தை உப்புத்தண்ணீர் விழுங்கியது. அந்தப் பெண்ணும் ஓடிவந்து ஒரு கையைப் பிடிக்க, இருவருமாக மணலில் கொண்டுவந்து போட்டார்கள். மீன் போய்விட்டது. குவாபாரா இருமினார், வாந்தி எடுத்தார், கண்ணைத் திறந்தார்.

"நான் சொன்ன மாதிரி நீ கோலைத் தூக்கிப் பிடிச்சிருந்தா..."

"வாயை மூடு."

ஒகிதாவா சொன்னது? ஒகிதாதான். கழுத்துப்பட்டியைப் பிடித்த கையை அவர் இன்னும் விடவில்லை.

"மீன் போனா மயிராச்சு. நீ போயிருந்தா? யோவ், நீ போயிருந்தா நான் யார்கூட வருவேன்? சாகும்போதுகூட எப்படிக் காப்பாத்தணும்னு பாடம் எடுத்துக்கிட்டுதான் சாவியா? இனிமே ஒரு வார்த்தை பேசின, நானே உன்னைத் திரும்பக் கடல்ல போட்டுருவேன்."

காரிலிருந்து போர்வை கொண்டுவந்து சுற்றினார். குடுவையிலிருந்து சூடான மிசோ சூப்பை ஊற்றி அவர் கையில் திணித்தார். பிறகு மணலில் கிடந்த தூண்டிலை அலசி எடுத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த முதல் இடத்துக்கே போய் நின்றார்.

கரை அமைதியாக இருந்தது. ஒகிதாவுக்கு அன்றுதான் அலைகளுக்கு நடுவே ஒரு மூச்சு இடைவெளி இருப்பது கேட்டது. போர்வைக்குள்ளிருந்து குவாபாரா ஒவ்வொரு வீச்சுக்கும் வாயைத் திறந்தார், மூடினார். கரையில் போட்ட மீன் அப்படித்தான் செய்யும். ஒரு கட்டத்தில் போர்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

மறுபடியும் தூண்டில் வளைந்தது. ஒகிதா அவசரப்படவில்லை. மீன் ஓடும்போது நரம்பை விட்டார்; களைத்தபோது சுற்றினார்; பெரிய அலை ஒன்று வர, அதோடு சேர்ந்து பின்னால் நடந்தார். அலை மீனை மணலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. வெள்ளிப் பாளம் போல ஒரு சால்மன்.

"டேய்..." என்றார் குவாபாரா. உடனே வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. உப்புத்தண்ணீராகவும் இருக்கலாம்.

மாலையில் உப்புத் தடவிச் சுட்ட மீன் மேஜைக்கு வந்தது. சாக்கே மதுப்புட்டியோடு குவாபாராவும் வந்தார். சுமிகோ அன்று அவருக்கும் ஒரு தட்டு கூடுதலாகவே வைத்தாள். ஹயாமி ஒரு வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடினான்.

"மாமா, இதை எப்படிப் பிடிச்சீங்க?"

ஒகிதா வாயைத் திறந்தார்.

"அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல தம்பி" என்றார் குவாபாரா. "மௌனம்! கரையில நிக்கிறவன் வாயே திறக்கக் கூடாது. இதை இவன் மண்டையில ஏத்த எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு."

மௌனத்தின் மகிமையைப் பற்றிப் புட்டி காலியாகும்வரை பேசினார். சுமிகோ கணவனைப் பார்த்தாள். ஒகிதா மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "ஆமா, ஆமா" என்றார். அவர் முகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். சால்மனை டப்பாவில்கூடப் பார்த்திராத நீங்கள், வலை வால்பக்கம் போனபோது 'ஐயோ, தலைப்பக்கம், தலைப்பக்கம்' என்று முனகவில்லை? அந்த ஆளை இன்னும் ரெண்டு அலை தண்ணீரிலேயே விட்டுவைத்திருக்கலாம் என்று தோன்றவில்லை? விருந்தில் ஒகிதா உண்மையைப் போட்டு உடைத்திருக்க வேண்டும், நானாக இருந்தால் உடைத்திருப்பேன் என்று, அவருடைய நல்லதுக்காகவே, இந்த நிமிஷம் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா?

ஒகிதா உங்களைக் கேட்டாரா?