கந்தப்பனைச் சரிபண்ண வந்தவர்கள்

நாமக்கல் வட்டாரத்தில் ஓடுகிற லாரிகளைவிட, அடுத்தவரைச் சரிபண்ணக் கிளம்பியிருப்பவர்கள் அதிகம். அத்தனை பேரையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். எருமப்பட்டி பொன்னாத்தாள் வீட்டுக்கு வந்துபோனவர்கள் மட்டும் பதினோரு பேர். அது சுத்தமான கணக்கு.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. இவர் டாக்டர் இல்லை. டாக்டர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது இவருடைய முதல் நம்பிக்கை. வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியை மின்விசிறிக்கு நேரே இழுத்துப் போட்டு, காப்பியில் சர்க்கரை பற்றாது என்று சொல்லி, முதலில் அதைச் சரிபண்ணிவிட்டு, அப்புறம்தான் ஆளுக்கு வருவார். ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்பாரா? மாட்டார். மேச்சேரி ஆட்டை விலைபேச வருகிறவர்கூட ஒரு தடவை ஆட்டின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பல்லைப் பார்ப்பார். இவருக்கு அந்த வழக்கமும் கிடையாது.

பொன்னாத்தாளின் மகன் கந்தப்பனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. நான் சொல்வது எண்பத்திரண்டாம் வருஷம். நாமக்கல்லில் செங்கோட்டையன் என்பவரின் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டுகிற வேலை. கந்தப்பன் முடுக்கிய போல்ட்டை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டான். கேட்டதற்கு மட்டும், கொஞ்சம் தாமதித்துப் பதில் சொல்வான். கொட்டுமேளச் சத்தம் வந்தால் காதைப் பொத்திக்கொள்வான். தினமும் ஒரே பஸ், அதே ஜன்னல், பன்னிரண்டரை மணிக்குச் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்தாக வேண்டும். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒருவருக்கும் இல்லை. ஊரால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வந்தவர்களில் ஒருவர் தாயத்துக் கட்டினார். ஒருவர் மொட்டை போடச் சொன்னார். நான்கு பேர் கல்யாணம் பண்ணிவைக்கச் சொன்னார்கள். பெண் யார் வீட்டில் எடுக்கலாம் என்று பொன்னாத்தாள் கேட்டதும் நால்வருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

பதினோராவதாக வந்தவர் சின்னுசாமி. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், பொன்னாத்தாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

"பையன் மனுசங்க மூஞ்சியப் பாக்கறதில்லெ, பொன்னாத்தா. அதேன் கோளாறு. செரிபண்ணிப்புடலாம்."

"ஏனுங்ண்ணா, அவன்பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டு வாரானுங்களே."

"அவன்பாட்டுக்குப் போறான் பாரு, அதேன் கோளாறுங்கறேன்."

மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. கந்தப்பனை எதிரே உட்காரவைத்து, முழங்கால் இடிக்கிற தூரத்தில் முகத்தை நீட்டுவார். "என்ற கண்ணப் பாரு மாப்பிள்ளை. என்ன தெரியுது?"

கந்தப்பன் சிரமப்பட்டுப் பார்த்தான். "எடது கண்ணுல செவப்பு நரம்பு நாலுங்க மாமா. வலதுல புரை விழுகறாப்பல இருக்குதுங்க."

"பாத்தியா பொன்னாத்தா, பேச்சு வந்துருச்சு!" என்றார் சின்னுசாமி. புரையைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

பதினைந்தே நாளில் அடுத்த கட்டம். பட்டறைக்கே போய், "பொறகால போட்டுப் பூட்டி வெச்சா எப்பிடிங்க பேச்சு வரும்? முன்னால நிறுத்துங்க. வாரவங்க கண்ணப் பாத்துப் பட்டுனு பதில் சொல்லட்டும்" என்று செங்கோட்டையனிடம் ஒரு மணி நேரம் விளக்கினார். அவர் எழுந்து போனால் போதும் என்று முதலாளி ஒப்புக்கொண்டார்.

பாடி கட்டி முடித்த லாரியை வெளியே எடுக்கும்போது பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, வண்டிக்காரர் எல்லோரையும் பார்த்து "எப்பிடீங்க இருக்குது வண்டி?" என்பார். எல்லோரும் ஒரே குரலில் "அருமைங்க!" என்பார்கள். இப்படி ஒரு கேள்வியும் பதிலும் இல்லாமல் நாமக்கல்லில் எந்த லாரியும் தெருவில் இறங்கியதில்லை.

அன்று வண்டி எடுக்க வந்தவர் அப்புசாமி. முன்னால் நின்ற ஆளைப் பார்த்து, "தம்பி, எப்பிடி இருக்குது வண்டி?" என்றார். கந்தப்பன் சொல்லிக்கொடுத்தபடி கண்ணைப் பார்த்தான். சொல்லிக்கொடுத்தபடி தாமதிக்கவும் இல்லை.

"எடப்பக்கம் அஞ்சாவது பலகையில ரெண்டு வெரக்கடைக்கு வெடிப்பு இருக்குதுங்க. லோடு ஏத்துனா உட்டுப்போயிருங்க."

சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தார்கள். ஐந்தாவது பலகை. இரண்டு விரற்கடை. அதுவே பெரிய குற்றமாகிவிட்டது. வெடிப்பை மன்னித்திருப்பார்கள், பூசை நேரத்தில் சொன்னதை யார் மன்னிப்பது? அப்புசாமி வண்டியை எடுக்காமல் போனார். "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்ப்பா" என்றார் செங்கோட்டையன்.

மறுநாளும் கந்தப்பன் அதே நேரத்துக்குத் தூக்குப்போசியோடு பஸ் நிற்குமிடத்துக்குப் போனான். பஸ் வந்தது. ஏறவில்லை. "வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினான். அடுத்த நாளும் போனான், திரும்பினான். பன்னிரண்டு நாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. வைத்தியம் இன்னும் கடுமையாக வேண்டும் என்றார் சின்னுசாமி.

பதின்மூன்றாம் நாள் பொன்னாத்தாள் யாரையும் கேட்காமல் மகனைச் சேலத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே சௌந்திரம் என்று மனநல டாக்டரம்மா ஒருவர் இருந்தார். யாரையும் கேட்காமல் என்றேனா? பஸ்ஸில் முன்சீட்டில் சின்னுசாமி இருந்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று டாக்டரம்மா கந்தப்பனைக் கேட்டார்.

"அவனுக்கு என்னன்னாங்க..." என்று ஆரம்பித்தார் சின்னுசாமி.

"அவரைக் கேட்டேன்."

அப்புறம் டாக்டரம்மா ஒரு விசித்திரமான காரியம் செய்தார். காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. சின்னுசாமியின் வாய் மூன்று முறை திறந்து மூடியது. கந்தப்பன் மேசையைப் பார்த்தபடி சொன்னான்: "பட்டறைக்குப் போகோணுங்க. பழைய எடத்துக்கு. காத்தால கண்ணு பாக்கற வேலை வேண்டாங்க."

பொன்னாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷத்தில் அவளும் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

டாக்டரம்மா ஆட்டிசம் என்று ஒரு பேர் சொன்னார். பிறவியிலேயே அமைகிற சுபாவம், ஆளை மாற்ற வேண்டாம், அவர் படுகிற சிரமத்தைக் குறைக்கலாம் என்றார். எட்டுச் சனிக்கிழமை, ஒரே நேரம், ஒரே நாற்காலி. சத்தம் தாளாதபோது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வெளியே போகலாம் என்று கந்தப்பன் பழகிக்கொண்டான். எவராவது எதையாவது கேட்டால், "இது கேள்விங்களா, வழக்கமுங்களா?" என்று திருப்பிக் கேட்கலாம் என்றும் பழகிக்கொண்டான். வீட்டில் எது மாறினாலும் முந்தின நாளே எழுதிக் காட்டச் சொன்னார்கள். பட்டறைக்கும் ஒரு கடிதம் போனது: பூசைக்கு முந்தின நாள் மாலை கந்தப்பன் தனியாக வண்டியைச் சுற்றிப் பார்க்கட்டும், பூசையன்று பின்னால் இருக்கட்டும். செங்கோட்டையன் யோசித்தார். ஐந்தாவது பலகை நினைவுக்கு வந்தது. கூப்பிட்டுக்கொண்டார். அதன் பிறகு எந்தப் பூசையும் பாதியில் நிற்கவில்லை.

சின்னுசாமிக்கும் ஒரு பயிற்சி கிடைத்தது. கந்தப்பனிடம் கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் மறுபடி வாய் திறக்க வேண்டும். எட்டாவது சனிக்கிழமை அவர் மூன்று வரைக்கும் வந்திருந்தார். இப்போதும், "கந்தப்பனா? நாந்தான் செரிபண்ணுனேன்" என்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, 'இதற்கு வேறொன்று செய்திருக்கலாமே' என்று ஒரு வைத்தியம் உங்கள் நாக்கு நுனிவரைக்கும் வந்து நிற்கிறதா? அப்படியானால் நாற்காலி அங்கே இருக்கிறது. விசிறிக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன் கந்தப்பனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்தபடி முழுவதும் கேட்டான்.

"எப்படி இருக்கிறது?"

"இது கேள்விங்களா, வழக்கமுங்களா?"

"கேள்விதான்."

தாமதித்துச் சொன்னான்: "பதினொண்ணு தப்புங்க பெரியம்மா. பன்னெண்டு பேரு. எழுவத்தொம்பது, ஆடி மாசம், வெசாளக்கெழமை. வெண்டக்கா தின்னாப் பேச்சு வரும்னு நீங்க ஒரு கூடை கொண்டாந்தீங்க."