துரைசாமி நினைவு ஓட்டத்தில் நான் செத்துக் கிடந்த கதை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை. கொல்லிமலை முழுக்கத் தெரிந்த விஷயத்துக்கு இனிமேல் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமதரையில் பிறந்தவன் நான். வயல் வரப்புதான் நான் ஏறியிருந்த அதிகபட்ச உயரம். கணக்கு வாத்தியாராக என்னை மலைக்கு மாற்றியபோது, கொண்டை ஊசி வளைவுகள் முழுவதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேதான் வந்து சேர்ந்தேன். (பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நான் சாமி கும்பிடுவதாக நினைத்து, தானும் கும்பிட ஆரம்பித்துவிட்டார்.)

அங்கே எனக்கு வாய்த்த நண்பர் பக்கத்து வீட்டுத் துரைசாமி. எங்கள் பள்ளியின் பி.டி. சார். தினமும் விடியலில் ஓடுவார், டீக்குச் சர்க்கரைகூடப் போடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் ஓடிவிட்டு வந்து, வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மாரடைப்பு. அவர் மனைவி மல்லிகாவும் நானும் பக்கத்திலேயே இருந்தோம். என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் பயங்களோடு நெஞ்சும் சேர்ந்துகொண்டது. ஓடின மனிதருக்கே அந்தக் கதி என்றால், உட்கார்ந்தே வளர்ந்த எனக்கு? மாடிப்படி ஏறினால்கூட நாடி பிடித்துப் பார்த்துக்கொள்வேன்.

மறு வருஷம் அவர் நினைவாகப் பள்ளியில் ஓட்டம் ஒன்று ஏற்பாடானது. அதில் சேரும் நன்கொடையில் மலைக்கிராமங்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுப்பதாகத் திட்டம். மல்லிகா வீட்டுக்கே வந்து கேட்டார்.

“நீங்க ஓடோணுங்க சார். கடேசியா வந்தாலும் பரவால்லீங்க. உங்கள ஒரு நாளாச்சும் ஓட வெச்சுப்போடறேன்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க.”

இதற்குப் பிறகு எந்த வாயால் மறுப்பது?

ஓட்டத்தன்று தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. குளிர் ஆகாது என்று என் மனைவி காதில் பஞ்சை அடைத்து, மேலே குரங்குக் குல்லாவையும் மாட்டி அனுப்பினாள். டீக்கடைக்காரர் என் கோலத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து சத்தமாகச் சொன்னார்.

“பலாப்பழ சீசனுங்க சார். காலங்காத்தால கரடி எறங்குமுங்க. ஒண்டியா மட்டும் போயிராதீங்க.”

ஒண்டியாகப் போவது என் விருப்பமே இல்லை. மற்றவர்கள்தான் ஓடிவிட்டார்கள்.

குண்டூர் நாட்டுப் பக்கம் (இந்த மலையில் சில கிராமங்கள் சேர்ந்தால் அது ஒரு ‘நாடு’) போகிற பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. சுண்ணாம்பில் போட்டிருந்த அம்புக்குறியை மழை கழுவிவிட்டிருந்தது. இறக்கமாக இருந்த பாதையைத் தேர்ந்தெடுத்தேன். (நெஞ்சுக்கு நல்லது.) கொஞ்ச தூரத்திலேயே பாதை ஒரு மிளகுத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. கொடி சுற்றிய மரங்கள் பனிக்குள் ஆட்கள் மாதிரி நின்றன. மனித வாடையே இல்லை. எங்கிருந்தோ பழுத்த பலாவின் மணம் மட்டும் வந்தது. அது எனக்கு இனிக்கவில்லை.

பஞ்சையும் தாண்டி, பின்னால் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பனிக்குள் கறுப்பாக, முதுகில் பெரிய திமிலோடு, ஆடி ஆடி அது என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஓடினால் நெஞ்சு நின்றுவிடும். நின்றால் கரடி. வாழ்நாளில் இத்தனை கடினமான கணக்கை நான் போட்டதில்லை. ஓடினேன். அதுவும் ஓடிவந்தது. நான் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது. கால் பின்னிக்கொண்டது, வாய் உலர்ந்தது, கண் இருட்டியது. இனி ஓரடியும் முடியாது என்றான பிறகுதான், செத்த ஆளைக் கரடி தொடாது என்று சின்ன வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. (பாடப்புத்தகத்தை நம்பாவிட்டால் நான் என்ன வாத்தியார்?) அப்படியே சேற்றில் குப்புற விழுந்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அது வந்தது. குனிந்தது. சூடான மூச்சு கழுத்தில் பட்டது. என்னைத் தோளைப் பிடித்து மல்லாக்கப் புரட்டியது. குலதெய்வத்துக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். (ஏற்கெனவே வழுக்கை என்பது தெய்வத்துக்கும் தெரியும்.) அப்போது அது இரண்டு முன்னங்கால்களையும் என் நெஞ்சில் ஊன்றி அழுத்தியது. பாடத்தில் இது இல்லை. மறுபடி அழுத்தியது. மறுபடி. விலாவில் ஏதோ படக்கென்றது.

“ஐயோ, அம்மா” என்று அலறிக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

கறுப்பு மழைக்கோட்டுக்குள் மல்லிகாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து, எறிந்த பாட்டில்களைப் பொறுக்கும் வேலையை அவரே கேட்டு வாங்கியிருக்கிறார். கோட்டு துரைசாமியுடையது. திமில், பாட்டில் மூட்டை. நான் பாதை மாறியதைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே துரத்தி வந்திருக்கிறார். என் காதில் பஞ்சு.

“வந்துட்டீங்களா சார்... வந்துட்டீங்களா...” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“ஏம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல. கரடின்னு நெனச்சுப் படுத்துட்டேன்.”

என்னையே பார்த்தார். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“அவரு போனதுக்கப்பறம் கீழ சேந்தமங்கலம் போயி இந்த நெஞ்சமுத்தற வைத்தியத்தக் கத்துக்கிட்டனுங்க. அன்னிக்கி தெரியாமப் போச்சு, இனி ஆருக்காச்சும் ஒதவோணும்னு. கடேசீல மொத ஆளே உசுரோட படுத்திருக்கறவருங்களா?”

சொல்லி முடிக்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் நிற்கவில்லை. நானும் சிரித்தேன். விலா வலியில் உயிர் போயிற்று. நிஜமாகவே போகிறதோ என்று நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது பந்தலையே பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், விலா எலும்பில் விரிசல் என்றார். அதோடு நிறுத்தாமல், “ரொம்பச் சரியான எடத்துலதான் அழுத்தியிருக்காங்க” என்று மல்லிகாவைப் பாராட்டவும் செய்தார். என் நெஞ்சைப் பற்றிக் கேட்டேன். “அதுக்கென்ன, குதிரை மாதிரி இருக்கு” என்றார்.

இப்போது ஊர் ஊராகப் பயிற்சி கொடுப்பது மல்லிகாவேதான். அழுத்திப் பழக ஒரு ரப்பர் பொம்மை வைத்திருக்கிறார். ஆலத்தூர் நாட்டிலிருந்து குண்டூர் நாடு வரை அந்தப் பொம்மைக்கு ‘கணக்கு சார்’ என்றுதான் பெயர். ஒவ்வொரு வகுப்பையும் அவர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்.

“மொதல்ல மூச்சு இருக்குதான்னு நல்லாப் பாருங்க கண்ணுகளா. சில பேரு அடக்கிக்கிட்டும் படுத்திருப்பாங்க.”

முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் என் மனைவி.