தியேட்டரில் நான் சொன்ன ஜெபம்

வெட்கப்படுகிறவர்கள் வாய் திறப்பதே அபூர்வம். அப்படித் திறந்தால், திறக்கக் கூடாத இடமாகப் பார்த்துத்தான் திறப்பார்கள். நான் திறந்த இடம் நாகர்கோவிலில் ஒரு சினிமா தியேட்டர்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றதற்குக் காரணமே, ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும் என்று யாரோ சொன்னதுதான். (வீட்டில் வேறு காரணம் சொன்னார்கள். அது கிடக்கட்டும்.) மீன்கூடையோடு சந்தைக்குப் போனாலும் பக்கத்துக் கூடைக்காரிதான் எனக்கும் சேர்த்துக் கூவுவாள்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் எனக்கு வாய் வரும். எங்கள் கடற்கரையில் யாருக்காவது கடைசி மூச்சு இழுக்கத் தொடங்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து ‘இயேசு மரி சூசை’ என்று காதில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு புனிதர் பெயராக எடுத்துக் கொடுப்பேன். சுற்றி நிற்பவர்கள் ‘இவருக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பார்கள். போகிறவருக்குக் காது மந்தமாக இருக்குமே என்று உரக்கச் சொல்வேன். அந்தச் சத்தம் கடலில் நிற்கிற வள்ளத்துக்கும் கேட்கும் என்பார்கள். அப்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை, போகிறவரைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தைரியம்தான்.

என் மகன் குவைத்தில் இருக்கிறான். மருமகள் ஷைனிக்கும் விசா வந்துவிட்டது. ஆனால் அவள் போகமாட்டேன் என்று நின்றாள்.

“மாமி இங்க ஒத்தைக்கு, எங்கம்மா அங்க ஒத்தைக்கு. நான் எப்பிடி நிம்மதியா இருப்பேன்? ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருங்க, நான் போறேன்.”

அவள் அம்மா நாகர்கோவிலில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு டீச்சர் என்றாலே கைகால் ஓடாது. கல்யாணத்தன்று அவர் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார், நான் தலையாட்டினேன். எங்கள் சம்பந்தி உறவு அவ்வளவில் நின்றது.

“சேர்ந்து ஒரு படம் பாத்தா பழகிருவிய” என்று ஷைனி எங்கள் இருவரையும் மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனாள். நான் ஒழுங்காக நடந்துகொண்டால் மருமகள் விமானம் ஏறுவாள். இல்லையென்றால் என் மகன் அங்கே தனியாகவே பொங்கித் தின்ன வேண்டியதுதான்.

ஷைனிக்கும் டீச்சருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். அது சாய்கிற நாற்காலி. சாய்ந்தால் காலைத் தூக்கிவிடுமோ என்று பயந்து நுனியில் உட்கார்ந்திருந்தேன். படம் தொடங்கியதும் பின்னால் ஒருவன் தன் காலை என் நாற்காலி முதுகில் வைத்தான். பிறகு போனை எடுத்தான். அதிலும் ஸ்பீக்கரில்.

“லேய் மக்கா, கிழக்க ஓடை, மேற்க ரப்பர். பாதை இல்லாட்டி என்னல, நடந்து போனா பாதையாகும்!”

படத்தின் கதை எனக்குப் புரியவில்லை. அந்த நிலத்தின் நாலு எல்லையும் இன்றுவரை மறக்கவில்லை.

ஷைனி திரும்பி, “அண்ணே, வெளிய போயி பேசுங்களேன்” என்றாள்.

“நீ படத்தப் பாரு. நான் உன் படத்தையா மறைக்கேன்?”

அவள் எழுந்து மேனேஜரிடம் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“எல்லாரும் டிக்கெட் எடுத்துதான் வந்திருக்காங்களாம். டிக்கெட் எடுத்த ஆள நாங்க ஒண்ணும் சொல்ல முடியாதுங்கான் மாமி.”

“ஏசி போட்டுட்டா நிர்வாகம் முடிஞ்சுதாக்கும்” என்றார் டீச்சர். அது யாரிடம் சொன்னது என்று தெரியாததால், நான் தலையாட்டி வைத்தேன்.

ஏசி குளிருக்கு முக்காட்டை இழுத்துப் போர்த்தினேன். கண் சொக்கியது. (முதல்நாள் ராத்திரி முழுக்க, டீச்சரிடம் என்ன பேசலாம் என்று யோசித்துத் தூங்கவில்லை. ஒன்றும் கிடைக்கவுமில்லை.)

எவ்வளவு நேரம் தூங்கினேனோ, திடீரென்று காதில் மூச்சு இழுக்கிற சத்தம். நாலு பக்கமும் பெண்கள் அழுகிறார்கள். ஒரே இருட்டு. யாரோ “அம்மா, அம்மா” என்று கதறுகிறான். கூப்பிட்டு வந்த வீட்டில் கண்ணயர்ந்துவிட்டேனே பாவி என்று பதறி, கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் ஆரம்பித்துவிட்டேன்.

“இயேசு மரி சூசை! புனித சூசையப்பரே!”

நல்ல கிறிஸ்தவப் பெண்கள் எங்கே உட்கார்ந்திருந்தாலும் சும்மா இருப்பார்களா? இரண்டு வரிசை முன்னாலிருந்து பதில் வந்தது: “இவருக்காக வேண்டிக்கொள்ளும்!”

“புனித அந்தோனியாரே!”

இந்தத் தடவை என் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் சேர்ந்தது. எனக்கு இன்னும் உற்சாகமாகிவிட்டது. புனித சவேரியார் வந்தார், புனித அன்னம்மாள் வந்தார். அப்போது பின்னால் இருந்தவனின் போன் ஸ்பீக்கரில் மறுமுனை ஆள் அலறினான்.

“லேய், ஆருல மரிச்சது? நான் வரணுமா?”

“ஆரும் மரிக்கலடே! நான் தியேட்டர்ல நிக்கேன்!”

“தியேட்டர்ல வச்சா மரிச்சாவ?”

அப்போதுதான் எனக்கு முழிப்பு வந்தது. திரையில் கதாநாயகனின் அம்மா பாதி மூச்சில் நின்றிருந்தாள். படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டார்கள். முன்னூறு முகங்களும் என்னைப் பார்த்தன. ஆறாம் வகுப்புக்குப் போகாமல் தப்பித்ததற்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு அனுபவித்தேன்.

போனுக்கு வராத மேனேஜர் ஜெபத்துக்கு ஓடி வந்தார்.

“ஆரு சத்தம் போட்டது? பாட்டி, நீங்களா? எழும்பி வெளிய வாங்க.”

எழுந்தேன். ஷைனியின் விசா என் கண் முன்னாலேயே கிழிவது போலிருந்தது. டீச்சர் பக்கம் பார்க்காமல் பையை எடுத்தேன்.

“உக்காருங்க மைனி” என்றார் டீச்சர்.

அவர் என்னை முறை வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் உட்கார்ந்தேன். அவர் எழுந்தார்.

“தம்பி, இந்த ஆளு ஒரு மணிக்கூறா இங்க இருந்து நிலம் விக்கான். எங்க பிள்ளை வந்து சொன்னா. டிக்கெட் எடுத்தவங்கள ஒண்ணும் சொல்ல முடியாதுன்னீங்க. ஷைனி, மாமியோட டிக்கெட்டக் காட்டு.”

ஷைனி போனில் இருந்த டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“அதில்ல டீச்சர்...” என்றார் மேனேஜர். (அவர் டீச்சர் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் தெரியும்.)

“எதில்ல? ஆள உள்ள ஏத்தினா மட்டும் போதாது. உள்ள என்ன நடக்குன்னு பாக்க ஒரு ஆள் வேண்டாமா? நீங்க பாத்திருந்தா இவங்க படம் பாத்திருப்பாங்க. தூங்கியிருக்க மாட்டாங்க.”

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள். “அந்த அக்காவ பாதியில நிறுத்தாதிய. தொடங்கின ஜெபத்த முடிக்கணும்.”

மேனேஜர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு நிலக்காரனிடம், “அண்ணே, போன அணைங்க. காலையும் எடுங்க” என்றார். அவன் அதற்கு முன்பே இரண்டையும் செய்திருந்தான். படம் முடிகிறவரை மேனேஜர் டார்ச்சோடு சுவர் ஓரமாக நின்றார். ஒரு ஆள் சும்மா நின்றாலே தியேட்டர் இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று எனக்கு ஆச்சரியம். ஜெபத்தை மனதுக்குள் முடித்துக்கொண்டேன். கதாநாயகனின் அம்மா பிழைக்கவில்லை.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நான் தைரியத்தைக் கூட்டி, “தப்பா நினைக்காதீங்க டீச்சர்” என்றேன்.

“என்னத்தத் தப்பா நினைக்க? அந்தோனியாருக்கு உங்க பக்கத்துல இருந்து பதில் சொன்னது ஆரு?” என்றார். கொஞ்சம் கழித்து, “எனக்கு அந்த நேரம் வந்தாலும் நீங்கதான் இருந்து சொல்லணும் மைனி. இதே சத்தத்துல” என்றார்.

அடுத்த மாதம் ஷைனி குவைத் போனாள். டீச்சர், இப்போது எனக்கும் மைனி, என் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தத் தியேட்டரில் இப்போது ஒரு போர்டு வைத்திருக்கிறார்களாம்: போன் பேசக் கூடாது, முன்சீட்டில் கால் வைக்கக் கூடாது, உரக்க ஜெபிக்கக் கூடாது. மூன்றாவது வரி என்னால் வந்தது என்று, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் மகன் சொல்லி வைத்திருக்கிறான்.

சாயந்தரம் நாங்கள் டிவி பார்க்கும்போது மைனிக்குக் குவைத்திலிருந்து போன் வரும். அவருக்கு மெல்லப் பேச வராது, முப்பது வருஷப் பழக்கம். சத்தத்தைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு இன்னமும் வெட்கம். அதனால் கண்ணை மூடிக்கொண்டு, “இயேசு மரி சூசை” என்று பைய எடுப்பேன்.

உடனே போனுக்குள்ளிருந்து ஷைனி சிரிப்பாள்: “அம்மா, போன வையி. மாமி தொடங்கிட்டாவ.”