இரண்டு வேண்டாமும் ஒரு லேப்டாப்பும்

துலூத், மினசோட்டா

மீசாவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் அருமை அக்கா லவோனுக்கு, தம்பி எல்டன் எழுதுவது. இங்கே நானும் வாசலை மூடிய பனியும் நலம். அங்கே நீயும் உன் முழங்கால்களும் நலமா?

"வர்ற மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நீ கம்ப்யூட்டர் திரையில வரலேன்னா, கிரிபேஜ் ஆட எதிர்வீட்டு டுவைட்டைச் சேத்துக்குவேன்" என்று போனில் மிரட்டினாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது வருடமாக நம் இருவருக்கு மட்டுமே சொந்தமான சீட்டாட்டத்தில் எவனோ ஒரு டுவைட்டா? இருநூறு டாலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்து விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கார்மைன், நியூ ஜெர்சியிலிருந்து வந்தவர். ஏதோ ஒரு பல் ஆஸ்பத்திரியில் உழைத்து ஓய்ந்த லேப்டாப்பை எடுத்து வைத்து, இருநூற்று அறுபது என்றார். என் முகம் தொங்கிவிட்டது. அவர் இரக்கப்பட்டு, "சரி பெரியவரே, உங்களுக்காக இருபது குறைச்சுத் தர்றேன்" என்றார். நாம் எப்படி வளர்ந்தவர்கள்? கேக் துண்டானாலும் முதல் இரண்டு தடவை வேண்டாம், மூன்றாம் தடவைதான் கை நீளும். "ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "நாப்பது குறைக்கிறேன்" என்றார். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றேன், மனதாரத்தான். "நீங்க சாதாரண ஆளில்ல. அறுபது. அதுக்கு மேல குறைச்சா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றார். மூன்றாம் தடவை ஆகிவிட்டதல்லவா, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். கார்மைன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வருசத்துல இப்படிப் பேரம் பேசின ஆளை நான் பாத்ததில்ல" என்றார். டோஸ்டர் வாங்கக்கூடத் துப்பில்லாதவன் என்று நீ சொல்லும் உன் தம்பியைப் பார்த்துத்தான், அக்கா.

வீட்டுக்கு வந்து திறந்தேன். உயிர் வந்தது, என் மூஞ்சியும் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டுவைட்டை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்.

கர்த்தர் உன்னையும் உன் முழங்கால்களையும் காக்கட்டும்.

வெற்றி வீரன்,
எல்டன் ஹௌகன்

பின்குறிப்பு: சார்ஜரைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. "இதுக்கு சார்ஜர் வராது, ஆனா உங்களுக்கு ஒண்ணு சும்மாவே தர்றேன்" என்று கார்மைன் நீட்டினார். வேண்டாம் என்றேன். "நிஜமாத்தானா?" என்று மறுபடி கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்ப வீட்டுல இருக்கு போல" என்று டிராயரில் போட்டு மூடிவிட்டார். நியூ ஜெர்சியில் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது. இரண்டு தடவை மறுத்ததை நானாகப் போய்க் கேட்பது என்னால் முடியாது, உன்னாலும் முடியாது. பேட்டரியில் பதினொரு சதவீதம் மிச்சம் இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் நலத்தை விசாரிக்காதே, நேராகச் சீட்டைப் போடு.