அண்ணனை ஊத வைத்த கதை

ஒன்றும் தெரியாதவன் செய்யும் தவறுக்கு அளவு உண்டு. எல்லாம் தெரிந்ததாக நினைப்பவன் கையில் ஒரு நோயாளி சிக்கினால், அந்த நோயாளி பிழைப்பது அவர் விதி. என் அண்ணனின் விதி கொஞ்சம் கெட்டியானது.

நான்கு வருடங்களுக்கு முன் அவருக்கு மதுரையில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு சத்தம் போட்டால் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டே ஒதுங்கி நிற்கும். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அதனால் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை.)

டிஸ்சார்ஜ் அன்று ஒரு நர்ஸ், மூன்று பந்துகளும் ஒரு குழாயும் உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தார். நுரையீரலில் சளி தேங்காமல் இருக்க மணிக்குப் பத்து தடவை பயிற்சி. அவர் செய்து காட்ட வந்தபோது, "தெரியும் சிஸ்டர், நான் பிசிக்ஸ் வாத்தியார்" என்று தடுத்துவிட்டேன்.

வீட்டில் அண்ணனை ஊதச் சொன்னேன். பந்து அசையவில்லை.

"ஏலே, நெஞ்சு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. பந்து ஏற மாட்டேங்குதே?"

"நீங்க முக்கி ஊதலண்ணே. இன்னும் பலமா!"

தையல் போட்ட மார்பைத் தலையணையால் அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் கோக்க ஊதினார். தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். தையல் விட்டுப்போகும் என்று அதையும் நிறுத்தினேன்.

எட்டாம் நாள் காலை காய்ச்சல். மூச்சு வாங்கியது. தெரிந்த டாக்டரிடம் போக ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காரில் விரைந்தோம். மம்சாபுரம் விலக்கு ரோட்டைத் தாண்டும்போது அண்ணனின் உதடு நீலம் பாரித்திருந்தது. அண்ணி அவர் கையை விடவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"நிமோனியா. மூச்சுப் பயிற்சி எப்படிச் செஞ்சாரு?" என்றார் டாக்டர்.

கருவியை வாங்கி, கன்னம் புடைக்க ஊதிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் தலையில் கைவைத்தார்.

"சார், இது என்ன பீப்பியா ஊதுறதுக்கு? உள்ள இழுக்கணும்! எம்புட்டு நாளா இப்படி?"

அண்ணிதான் சொன்னார்: "எட்டு நாளா ஊதுனாவ சிஸ்டர். தம்பி படிச்சவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

அவர் திட்டியிருக்கலாம். அந்த நிதானத்தைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பன்னிரண்டு நாள் அண்ணன் ஆக்சிஜனில் கிடந்தார். கொஞ்சம் தெளிந்த அன்று, மாஸ்க்கைச் சற்று நேரம் விலக்கி என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, இதுல மூச்ச இழுக்கணுமா, விடணுமா? நீ சொல்லாத. சிஸ்டர்கிட்ட கேட்டுட்டு வா."

வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

இப்போது அண்ணன் தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் எனக்கு ஒரே வேலைதான்: வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொள்வது. போகும்போது அண்ணி அதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்கிறார்.