ஐந்து நாட்டுப் பேராசிரியர்களும் ஜூஜுவாடி எல்லைக்கோடும்

எங்கள் ஓசூர்ப் பங்குச் சாமியாரைப் போல ஒரு மனிதரை ரோமாபுரிகூடப் பார்த்ததில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஊரை விட்டு நகராமலே ஐந்து நாட்டுப் பேராசிரியர்களை ஒரே கயிற்றில் கட்டிய ஆள் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம்.

ஊரில் அவருக்குக் 'கேள்விச் சாமி' என்று பெயர். நாம் ஒன்று கேட்டால் பதில் வராது. அதைவிடப் பெரிய கேள்விதான் வரும்.

அறுபதுகளின் கடைசி. நான் கடைத்தெருவில் இரண்டு மெஷினை வைத்துக்கொண்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தேன். சாமியின் கடிதங்களை அடிப்பது என் பொறுப்பு. எது பாவம், எது இல்லை என்று வெளிநாட்டுக் குருமடங்களில் பாடம் நடத்தும் பேராசிரியர்களுக்குத்தான் எழுதுவார்.

"பெல்ஜியத்துக்காரருக்கு பிரேசில்ல என்ன கேக்கறாங்கன்னு தெரியாது. காங்கோவுல இருக்கறவருக்கு மணிலா தெரியாது. ஆளாளுக்குத் தனியா உக்காந்து உலகத்துக்கே பாவம் பிரிக்கறாங்க. இவங்கள ஒருத்தரோட ஒருத்தர் பேச வைக்கணும்ப்பா!"

இரண்டு வருடம் எழுதினார். ஐந்து பேரும் இவருக்குப் பணிவாகப் பதில் போட்டார்கள். ஆனால் தங்களுக்குள் ஒரு வரி எழுத வேண்டுமே, மூச்! எல்லாம் பெரிய மனுசத்தனம்.

அப்போதுதான் லாரி டிரைவர் அந்தோணி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லார் எதிரிலும் கேட்டான்: "சாமி, நம்ம பக்கம் மதுவிலக்கு. ஜூஜுவாடி எல்லையத் தாண்டி கன்னடப் பக்கம் அத்திப்பள்ளியில குடிச்சா போலீசு கேக்க மாட்டான். கடவுளு கேப்பாரா?"

சாமி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஐந்து கவர் பறந்தன.

சட்டம் இல்லாத இடத்தில் சட்டமீறல் இல்லை என்றார் பெல்ஜியத்துக்காரர். சட்டம் கிடக்கட்டும், அவன் பெண்டாட்டியைக் கேட்டீர்களா என்றார் பிரேசில்காரர். சாமி இருவருக்கும் மனம் திறந்து பதில் எழுதினார். பிரேசிலுக்கு: "பெல்ஜியத்து நண்பர் புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்குவதே இல்லை." பெல்ஜியத்துக்கு: "பிரேசில் நண்பர் பிரசங்கத்தைப் பதில் என்று நினைக்கிறார்."

கவர் மாற்றிப் போட்டது நான்.

ஒட்டிய கவரின் மேல் சிலுவை அடையாளம் போட்டு அனுப்புவது சாமியின் வழக்கம். அவர் கை உயர்ந்த நேரத்தில்தான் கடிதங்கள் கவர் மாறிவிட்டனவோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"சாமி, ஒண்ணே ஒண்ணு பிரிச்சுப் பாத்துரலாமா?"

"சிலுவை போட்டதை யாராவது பிரிப்பாங்களாப்பா? போய்ப் போடு."

வீரனான நான் வாயை மூடிக்கொண்டு போய்ப் போட்டேன். அன்று வந்த காய்ச்சல் ஒரு வாரம் இருந்தது.

ஒரு மாதமாகக் கடிதமே இல்லை. சாமி தினமும் கேட் அருகே நின்று தபால்காரரைப் பார்ப்பார். "நம்மள வுட்டுட்டாங்க போலருக்கு" என்று ஒருநாள் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்றால் ஓசூரில் இருந்த ஒரே சாமியார் அவர்தான்! சைக்கிளை எடுத்தேன். அந்தோணி குடிக்க எல்லை தாண்டினான். நான் பாவத்தைச் சொல்லத் தாண்டினேன்.

அந்தப் பக்கத்துக் கன்னடச் சாமியார் முழுக்கக் கேட்டார். "இதுக்கு இங்க யாக்கப்பா வந்தே? அவர்கிட்டயே போய்ச் சொல்லு!"

திரும்பி வந்து சாமியின் பங்களாவுக்குள் நுழைந்தால், மேசை நிறையக் கடிதங்கள். பெல்ஜியத்துக்காரர் நேராக பிரேசிலுக்கே பதினொரு பக்கம் திட்டி எழுதி, நமக்கொரு நகல் அனுப்பியிருந்தார். பிரேசில்காரர் பதினான்கு பக்கம். தங்களுக்கும் நகல் வந்ததில் விஷயம் தெரிந்த மற்ற மூவரும், "எங்களை ஏன் விட்டீர்கள்?" என்று கோபித்திருந்தார்கள். இனி எல்லார் கடிதமும் எல்லாருக்கும் போக வேண்டுமாம். ஐந்து நாட்டில் ஜூஜுவாடி!

உண்மையைச் சொன்னேன். சாமி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டு வருசம் மரியாதையா எழுதி என்னால முடியல. நீ சண்டை மூட்டியே சேத்துட்டியேப்பா! உக்காரு. இனி இது ஒரு சங்கம். உறுப்பினர் பட்டியல் அடி."

அடித்தேன். பின்னாளில் அந்தப் பட்டியல் எத்தனையோ தேசத்துப் பெயர்களோடு பல பக்கம் நீண்டது. அன்றைக்கு ஐந்து பேராசிரியர்கள், ஆறாவது சாமி. முடிந்ததென்று தாளை உருவப் போனேன். அவர் என் கையைப் பிடித்து, "ஏழாவதா உன் பேரு" என்றார்.

நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிறவன் நான். என் சொந்தப் பெயரை அடித்து முடிக்க அன்றைக்கு நாலு தாள் வீணாயிற்று.