கடுகு ஓட்டிய கடைசி மூன்று ரீல்

எழுபதுகளில் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே மரியாதையாகத் திட்டத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். எருத்தேன்பதி பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் படம் ஓட்டும் ஆப்பரேட்டர். அவருடைய லைசென்ஸில் ஒரு பெயர் இருந்தது. அதை நானே சரிபார்த்திருக்கிறேன். ஆனால் ஊருக்கு அவர் கடுகு. எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடித்துவிடுவார்.

கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் கடுகு ஆப்பரேட்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியே தலையை நீட்டி ஜனங்களைத் திட்டுவார். எவ்வளவு கோபத்திலும் 'ங்க' மட்டும் தவறாது.

"பீடிய அணைங்க! உங்க நெஞ்சு வெந்தாப் பரவால்லீங்க, என்ற திரை கறுத்துப் போகுதுங்க!"

ஒரு நாள் பெஞ்சில் இருந்த ஒருவர் வெளிச்சத்தில் கையை நீட்டித் திரையில் நிழல் நாய் காட்டினார். கடுகு படத்தை நிறுத்தினார். இறங்கி வந்தார். அந்த ஆளைக் கையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினார்.

"நாயி நல்லாருந்துச்சுங்க. ஆனை காட்டுங்க."

"தெரியாதுங்க."

"ஒட்டகம்?"

"அதுவும் தெரியாதுங்க."

"ஒரு நாய வெச்சுக்கிட்டா முந்நூறு பேரு படத்த நிறுத்துனீங்க? கத்துக்கிட்டு வாங்க."

நான் அப்போது பாலக்காட்டுப் பக்கம் ஒரு தாலூகா ஆபீசில் கிளார்க். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துக் குடும்பத்திலிருந்து படித்து வெளியே வந்தவன். கொட்டகைகளின் லைசென்ஸ் ஃபைல் என் மேஜையில் இருந்தது. முதல்முறை சோதனைக்குப் போனபோது, விதிப்படி நெருப்பு வாளிகளில் மணல் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மணல் ரெடியா இருக்குதுங்க. நெருப்புத்தான் இன்னும் வரலீங்க" என்றார். "தண்ணி வாளியில வெத்தல துப்பறவரு தலைய அதுலயே முக்கலாம்னு உங்க சட்டத்துல ஒரு ரூல் சேத்துக் குடுங்க. உங்களுக்குக் கோயில் கட்டறேன்."

அந்த வருடம் தீபாவளிக்கு ஊர் போக லீவ் எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பம் முறையாக இருந்தது, கணக்கில் லீவ் மிச்சமும் இருந்தது. தாசில்தார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மலையாளத்தில், "கல்யாணம் கழிக்காத்தவனு எந்து தீபாவளி?" என்று கேட்டார். பெண்டாட்டி இல்லாதவனுக்கு ஏது பண்டிகை என்று அர்த்தம். எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் அப்படி எழுதியிருக்கிறது என்று இன்று வரை தேடுகிறேன், கிடைக்கவில்லை. லீவை மறுத்ததோடு விடவில்லை. பண்டிகை நாள் கூடுதல் காட்சிகளைச் சோதிக்கும் வேலையையும் என் தலையில் கட்டினார். ஆக, தீபாவளி மத்தியானம் நான் வெறும் வயிற்றோடு தகரக் கொட்டகை வாசலில் நின்றேன். ஊரில் ஒரு ஹோட்டல் கூடத் திறக்கவில்லை.

கொட்டகை முதலாளி சண்டைப் படம் கேட்டிருந்தார். கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய படப்பெட்டியில் இருந்தது வேறு படம். ஒரு பெருநகரத்தில், தீபாவளி அன்று, போக்கிடம் இல்லாத ஆறு பேரின் கதை. ஒரு நர்ஸ், ஒரு வாட்ச்மேன், ரிட்டயரான போஸ்ட் மாஸ்டர், இப்படி. ஒருவரை ஒருவர் தெரியாது. எல்லாரும் தினமும் சாப்பிடும் மெஸ் அன்று பூட்டிக் கிடக்கிறது. ஆளுக்கொரு தெருவில் அலைகிறார்கள். பாட்டு கிடையாது, கதாநாயகன் கூடக் கிடையாது.

புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்திருந்த ஜனங்கள் மூன்றாவது ரீலிலேயே விசிலடிக்க ஆரம்பித்தார்கள்.

"ஏனுங்க, சண்டை எப்பங்க வரும்?"

"அந்த போஸ்ட் மாஸ்டரு எந்திரிச்சு யாரையாச்சும் ஒரு அறை உடச் சொல்லுங்க!"

கொட்டகைக்கென்று சொந்தமாக ஒரு சண்டை ரீல் உண்டு. எந்தக் காலத்துப் படமோ. முகமூடி போட்ட ஒருவன் மாடிப்படியில் பத்துப் பேரைப் புரட்டி எடுப்பான். எந்தப் படம் தொய்ந்தாலும் முதலாளி அதை நடுவில் ஓட்டச் சொல்வார். பக்திப் படத்திலும் முகமூடிக்காரன் வந்திருக்கிறான். சாமி கண்ணைத் திறந்ததும் அவன் குதிப்பான். ஜனங்கள் அவன் யார் என்று கேட்டதே இல்லை. கடுகும் பல்லைக் கடித்துக்கொண்டு வருடக்கணக்காக அதை ஓட்டியிருக்கிறார்.

அன்றும் முதலாளி ஆப்பரேட்டர் அறைக்குள் வந்தார். புரொஜெக்டர் விளக்கில் எரியும் கார்பன் குச்சிகளின் சோதனைக்காக நானும் உள்ளே இருந்தேன்.

"கடைசி மூணு ரீல எடுத்துரு. முகமூடியப் போட்டு முடிச்சுரு. அடுத்த ஆட்டத்துக்கு இப்பவே கூட்டம் நிக்குது."

"முடியாதுங்க" என்றார் கடுகு.

"என்னப்பா?"

"காலையில ரீல் சரிபாக்கறப்ப முழுசாப் பாத்தேனுங்க. கடைசி ரீல்லதான் மெஸ்காரம்மா கதவத் தொறக்குதுங்க. அதுக்கு முந்தி வெட்டுனா ஆறு பேரும் பட்டினியோட நடுத்தெருவுல நிப்பாங்க. நல்ல நாளும் அதுவுமா அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேனுங்க."

"ஓட்டுனா இன்னியோட உனக்கு இங்க வேல இல்ல."

கடுகு அடுத்த ரீலை மாட்டினார். முதலாளி அதைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

நான் நோட்டைத் திறந்தேன். ஒரு படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் எத்தனை ரீலுக்குக் கொடுக்கப்பட்டதோ அத்தனையையும் ஓட்ட வேண்டும், வேறு படத்தின் துண்டை நடுவே சேர்க்கக் கூடாது, மீறினால் லைசென்ஸ் போகும் என்று நிதானமாகச் சொன்னேன். நடந்ததைப் பதியும் மஹஸர் எழுதப் பேனாவையும் எடுத்தேன்.

"சாரு நம்மாளுன்னு நெனச்சேனுங்க" என்றார் முதலாளி.

கலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று எழுத ஆசைதான். தாசில்தார் மேல் இருந்த எரிச்சலை யார் மேலாவது இறக்க வேண்டியிருந்தது, இவர் கிடைத்தார். அவ்வளவுதான்.

ரீல் முடிந்து விளக்கு வந்தது. பாதிக் கூட்டம் எழுந்து வாசலுக்கு நடந்தது. கடுகு ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டார். காட்சி நடக்கும்போது வாசலைத் தாழிடக் கூடாது என்று விதி இருப்பதால் நான் பின்னாலேயே ஓடித் தாழை நீக்கினேன். அவர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்துவிட்டு, திறந்த வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். வாசலில் ஆப்பரேட்டர் நிற்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

"ஏனுங்க, அந்த நர்ஸம்மா காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம தெருத்தெருவாச் சுத்துது. அதுக்கு ஒரு வாய் சோறு கெடைக்குதா இல்லையான்னு பாக்காம ஊட்டுக்குப் போயி எப்படீங்க பலகாரம் திம்பீங்க? தொண்டையில எறங்குமுங்களா? மனுசங்கதானுங்களே நீங்க?"

முன்னால் நின்ற ஒரு அம்மா, "அட உக்காருங்க, என்னதான் ஆகுதுன்னு பாத்துப்போட்டுப் போலாம்" என்று திரும்பினார். மற்றவர்களும் திரும்பினார்கள்.

கடைசி ரீலில் மெஸ்காரம்மா கதவைத் திறந்து, ஆறு பேரையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனபோது கொட்டகையில் இருமல் கூட இல்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும் பொறுக்க முடியாமல் கத்தியது:

"எலையப் போடும்மா, சீக்கரம்!"

அந்த அம்மா இலை போட்டார். கொட்டகையே பெருமூச்சு விட்டது.

முதலாளி சொன்னபடியே செய்தார். அடுத்த ஆட்டத்துக்கு வேறு ஆப்பரேட்டர் வந்தார், முகமூடிக்காரனும் வந்தான். இதையெல்லாம் எழுதி நான் அனுப்பிய மஹஸரின் ஓரத்தில் தாசில்தார் 'நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதி ஃபைலை மூடினார். நான் சர்வீசில் பார்த்த ஃபைல்களில் அவ்வளவு வேகமாக முடிந்தது அது ஒன்றுதான். இப்போது நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது.

அன்று வெயில் சாய்ந்த நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் கடுகு ஒரு துணிப்பையோடு நின்றார். பக்கத்தில் போய் நின்றேன். அப்போது வாசலில் முதலில் திரும்பிய அந்த அம்மா வேகமாக வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"திட்டுனீங்கல்ல? தொண்டையில எறங்கலீங்க. இந்தாங்க."

உள்ளே முறுக்கும் அதிரசமும். அந்த அம்மா போய்த் தலை மறைந்தது. கடுகு ஒரு முறுக்கைக் கடித்து, "உப்பே இல்லீங்க" என்று எரிந்து விழுந்தார். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பஸ் வந்தது. ஏறப்போனவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பொட்டலத்தை அப்படியே என் கையில் திணித்தார்.

"காலையில இருந்து ஒண்ணும் திங்கலதானுங்களே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க. அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? சாப்புடுங்க!"

அதன் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. அந்தத் தீபாவளிக்கு என்னைச் சாப்பிடச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.